பத்துப் ‘பாப்போம்’, ஒரு ‘சம்மதம்’

ஐந்தருவி ரோடு,
குற்றாலம்.

அன்புள்ள மருமகன் சுபாஷுக்கு, தாய்மாமன் தளவாய் ஆசீர்வதித்து எழுதுவது. இங்கு நானும் உன் அத்தை சங்கரேஸ்வரியும் நலம். சாரலும் நலம். பெங்களூரில் உன் உடம்பும் வேலையும் நலந்தானா என்று முறைப்படி கேட்டுவிட்டேன். இனி விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் வருகிற வியாழக்கிழமைக்குப் பிறகு நீ பதில் போட எனக்கு விலாசம் இருக்காது.

தாத்தா வீட்டுக்கு வாரிசு பதினொரு பேர், சண்டை வேண்டாம், எல்லாவற்றையும் பிளாக்செயினில் ஏற்றிவிடுவோம், ஆளுக்கு ஒரு டோக்கன், டோக்கனுக்கு ஒரு ஓட்டு என்று பொங்கலுக்கு வந்தபோது நீதான் சொன்னாய். யார் வேண்டுமானாலும் தீர்மானம் போடலாம், ஆறு பேராவது பட்டனை அமுக்கினால் அது செல்லும், மறுப்பைவிடச் சம்மதம் ஒன்று கூடினால் ஜெயம், ஏழு நாள் கழித்துத் தானாகவே நடந்துவிடும், பிறகு பிரம்மா வந்தாலும் அழிக்க முடியாது என்றாய். வருவாய்த்துறையில் முப்பத்தோரு வருஷம் குப்பை கொட்டியவன், ஒரு கையெழுத்தை இன்னொரு கையெழுத்தால் தூக்கலாம் என்று நம்பி வாழ்ந்தவன், நான் அன்றைக்கே சுதாரித்திருக்க வேண்டும். போதாதற்கு வாசல் கதவில் நம்பர் பூட்டு ஒன்றை மாட்டி அதையும் செயினோடு கோத்துவிட்டாய். அதைக்கூட மன்னிக்கிறேன். சம்மதம், மறுப்பு என்று இரண்டு பட்டனோடு நிறுத்தாமல், நடுநிலைக்கு மூன்றாவதாக ஒன்றை வைத்து, சொந்தக்காரர்களுக்குப் புரியட்டும் என்று அதற்குப் ‘பாப்போம்’ என்று பெயரும் வைத்தாயே, அங்கேதான் என் குடி கெட்டது. நம்ம வகையறாவில் யாராவது முகத்துக்கு நேரே மாட்டேன் என்று சொல்லிக் கேட்டிருக்கிறாயா? கல்யாணத்துக்கு வராதவனும் பாப்போம் என்பான், பெண் கொடுக்க மனசில்லாதவனும் பாப்போம் என்பான்.

கீழப்பாவூரில் இருக்கிற என் தம்பி பாண்டி ஒரு தீர்மானம் போட்டான். குற்றாலம் வீட்டைச் சீசன் லாட்ஜ் ஆக்குவது, அதில் குடியிருக்கும் தளவாய் தென்காசிக்கு வீடு மாறுவது. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மறுப்பை அமுக்கலாம் என்றால் என் போனில் மூன்று பட்டனும் சாம்பல் பூத்துக் கிடக்கின்றன, அமுக்க அமுக்க அசையவில்லை. சரி, மத்த பத்து பேர் இருக்காகளே, என்னையத் தெருவுல விட்டுருவாகளா என்று சும்மா இருந்துவிட்டேன். போன வியாழக்கிழமை முடிவு வந்தது. பாப்போம் பத்து, சம்மதம் ஒன்று, மறுப்பு பூஜ்யம், தீர்மானம் நிறைவேறியது. ஒத்தை ஓட்டுல வீடு போச்சு மருமகனே. ஏழாம் நாள் கதவு நம்பர் தானாக மாறிவிடுமாம்.

அந்தச் சம்மதம் யாருடையது என்று பார்த்தால் பெயர் இல்லை. எழுத்தும் எண்ணுமாக மலைப்பாம்பு நீளத்துக்கு என்னமோ கிடக்கிறது, கடைசியில் 4E9 என்று ஒரு வால். பஸ் ஏறினேன். கீழப்பாவூரில் பாண்டியிடம் ஒன் வாலைக் காட்டுலே என்றேன், பெண்டாட்டி பிள்ளைகளுக்கு முன்னால் அவன் நெளிந்தான். பிறகு போனைக் காட்டினான், வேறு வால். தீர்மானம் போட்டவனே பாப்போம்தான் அமுக்கியிருக்கிறான். “நானே சம்மதம் போட்டா அண்ணன் மனசு நோகும்லா” என்கிறான். இலத்தூரில் உன் அம்மா, என் கூடப்பிறந்த அக்கா சண்முகசுந்தரி, உன்னை வெளியே அனுப்ப எனக்கு மனசு வருமாலே என்று கண்ணைத் துடைத்தாள். அப்படியானால் ஏன் மறுப்பு போடவில்லை என்றேன். பாண்டி மனசு நோகுமாம். நாலு பலாச்சுளை தந்து அனுப்பினாள். இப்படியே பத்து பேர் வாலையும் பார்த்தாயிற்று, பத்து பேரும் பாப்போம், 4E9 ஒருத்தருக்கும் இல்லை. நானோ ஓட்டே போடவில்லை. ஆகவே இது கள்ள ஓட்டு.

நீ உடனே ரத்துத் தீர்மானம் ஒன்று போடு. ரத்துக்கு ஏழு நாள் காத்திருக்க வேண்டாம் என்று நீ சொன்ன ஞாபகம். எப்படியும் எல்லாரும் பாப்போம்தான் அமுக்குவார்கள், என் ஒரு சம்மதத்தில் நானும் ஜெயிப்பேன். என் பட்டனுக்கு மட்டும் உயிர் கொடு. இதைப் போனிலேயே சொல்லியிருப்பேன், உன் அத்தை காதில் விழுந்தால் இடிந்துபோவாள், அதனால்தான் கூரியர். இருபத்தெட்டு வருஷம் அவள் ஆண்ட வீடு. சாரல் விழுந்தால் நம்ம சனம் முப்பது பேர் வந்து இறங்கும், அருவியில் குளித்த ஈரத்தோடு பந்தியில் உட்காரும், முகம் சுளிக்காமல் வடித்துக் கொட்டுவாள். அந்த மகராசியை இந்த வீட்டிலிருந்து நான் எப்படிப் பிரிப்பேன்?

குற்றாலநாதரும் குழல்வாய்மொழியம்மையும் உனக்குச் சகல பாக்கியமும் தரட்டும். அவர்களாவது பாப்போம் என்று சொல்லாமல் இருக்கட்டும்.

இப்படிக்கு,
மாமன் தளவாய்

பின்குறிப்பு: கவரை ஒட்டச் சோற்றுப்பருக்கை கேட்டு அடுக்களைக்குப் போனேன். உன் அத்தை கடிதத்தை வாங்கி முழுவதும் படித்தாள். தன் போனைக் கொண்டுவந்து நீட்டினாள். வால் 4E9. சித்திரையில் எனக்குக் கண் ஆபரேஷன் ஆனபோது, பார்வை தெளியும் வரைக்கும் ஓட்டை யாரிடமாவது ஒப்படைக்கலாம் என்று நீ சொல்ல, நானேதான் அவள் பேருக்கு ஒப்படைத்துவிட்டு மறந்திருக்கிறேன். பட்டன் சாம்பல் பூத்தது அதனால்தான். ஏன் இப்படிச் செய்தாய் என்று கேட்டேன்.

“இருவத்தெட்டு வருசமா சாரல் விழுந்தாலே எனக்கு அடுப்படிய விட்டு எந்திரிக்க நேரமில்ல. தென்காசில கோயில் பக்கத்துல ரெண்டு ரூம் போதும், கோபுர வாசல்ல நல்ல காத்து. பத்து வீடு ஏறி எறங்கி வாலு கேட்டீயளே, எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டீயளா?”

பாத்திரங்களை எல்லாம் ஏற்கெனவே சாக்கில் கட்டி வைத்திருக்கிறாள். சீசனுக்குத்தான் ஒதுங்க வைக்கிறாள் என்று நினைத்திருந்தேன். ஆகவே ரத்துத் தீர்மானம் வேண்டாம், தென்காசி விலாசம் பின்னால் அனுப்புகிறேன். என் ஓட்டையாவது எனக்குத் திருப்பித் தருவாயா என்று அவளிடம் கேட்டேன்.

“பாப்போம்” என்றாள்.