சிவப்பு ரிப்பன் கட்டிய கன்று

அன்பு மாப்பிள்ளைக்கு மாமா எழுதுவது. இங்கே நானும் என் முழங்காலும் ஒருவரையொருவர் பொறுத்துக்கொண்டு நலம். அங்கே நீங்களும் என் மகளும் அப்படியே இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

உங்கள் ஆராய்ச்சி நிலையத்து ஆட்கள் என் ரப்பர் நாற்றங்காலுக்கு வந்து கன்றுக்கு ஓர் இலை கிள்ளிக்கொண்டு போனார்கள். பால் வெட்ட ஏழு வருஷம் காத்திருக்க வேண்டாம், எந்தக் கன்று நிறையப் பால் தரும் என்று இலையில் இருக்கும் மரபணுவே இப்போது சொல்லிவிடும் என்றீர்கள். வியாபாரியின் காதுக்கு இதைவிட இனிப்பான பேச்சு ஏது? தலையாட்டினேன். போன மாதம் வந்து தேறாத கன்றுகளுக்குச் சிவப்பு ரிப்பன் கட்டினார்கள். நம்ம காவலாளி, ரிப்பன் கட்டினதெல்லாம் உசத்தின்னு நினைச்சு அதுகளுக்கு மட்டும் உரமும் தண்ணியுமா கொட்டித் தள்ளிட்டான். "பரிசு வாங்கின பிள்ளைங்கன்னு நினைச்சேன் முதலாளி"ங்கிறான். இப்போ தேறாததெல்லாம் கொழுகொழுன்னு நிக்குது, தேறினதெல்லாம் வாடிக் கிடக்குது.

அது போகட்டும். ரிப்பன் கட்டினதுல ஒண்ணு, காலமான உங்க அத்தையோட மரத்து விதையில முளைச்சது. கிடங்குக்குப் பின்னாடி அவ கையால நட்ட மரம், போன வருஷம் காத்துல சாஞ்சுது. மிஞ்சினது இந்த ஒரு கன்றுதான். அப்போ எனக்கு சைக்கிளும் தகரக் கூரையும்தான் சொத்து. விடிய நான் வெட்டுவேன், அவ பால் எடுப்பா. அந்த மரத்துக் கப் மட்டும் தளும்பி நிக்கும். "பாத்தீங்களா என் பிள்ளையை!"ன்னு நீட்டுவா. பக்கத்து மரம் அரை கப் தாண்டாது. அதை வெட்டிச் சாய்ச்சிடலாம்னா, "பாவம், இருந்துட்டுப் போகட்டுமே"ம்பா. தாய் அப்படி அள்ளிக் குடுத்திருக்க, பிள்ளை மட்டும் எப்படி மாப்பிள்ளை தேறாமப் போகும்? உங்க மெஷின்லதான் கோளாறு. நான் பொண்ணு கேட்டுப் போன அன்னைக்கே அவ அப்பாகூட என்னைப் பாத்து "இது தேறாது"ன்னார். இலைகூடக் கிள்ளலை. அவர் பேச்சை அவ கேட்டிருந்தா உங்களுக்குப் பொண்ணு ஏது?

ரிப்பன் கட்டியதையெல்லாம் பிடுங்க அடுத்த வாரம் ஆள் வருகிறதாம். அதற்குள் மறுபடி சோதித்து, ரிப்பனை அவிழ்க்கச் சொல்லி உத்தரவு அனுப்புங்கள்.

மகளுக்கு என் ஆசி. இருவரும் குறைவில்லாமல் வாழுங்கள். சண்டை வந்தால் நியாயம் அவள் பக்கம் என்று இப்போதே தீர்ப்புச் சொல்லிவிடுகிறேன்.

இப்படிக்கு,
மாமா

பி.கு.: உறையை ஒட்டிவிட்டு மறுபடி பிரித்தேன். சோதனை வேண்டாம். உங்கள் மெஷின் சொன்னதுதான் சரி. அந்த மரம் ஒரு நாளும் அரை கப்புக்கு மேல் தந்ததில்லை. நான் அதை வெட்டிச் சாய்த்துவிடுவேன் என்று பயந்து, பக்கத்து மரத்துப் பாலை அதன் கப்பில் ஊற்றி நிரப்புவாள். கிடங்கு ஜன்னலிலிருந்து எனக்கு எல்லாம் தெரியும். அது அவளுக்குத் தெரியாது. ஒவ்வொரு தடவை நீட்டும்போதும், "அடேயப்பா!" என்பேன். கன்று ரிப்பனோடயே இருக்கட்டும் மாப்பிள்ளை. ஆளுங்களை மட்டும் அந்தப் பக்கம் அனுப்பாதீங்க.