ஒரே ஒரு சொட்டுதான்

வாசகரே, நீங்கள் தும்மியவுடன் பக்கத்தில் ஒரு கைப்பையின் ஜிப் திறக்கும் சத்தம் கேட்கிறதா? அப்படியானால் நீங்கள் வாசனை வைத்தியர் ஒருவரிடம் வசமாக மாட்டிக்கொண்டீர்கள். தப்பித்து ஓட நினைக்க வேண்டாம். புட்டியின் மூடி கழன்றாகிவிட்டது.

இவர் வைத்தியம் படித்தவரல்ல, அலுவலகத்தில் கோப்பு நகர்த்துபவர். போன வருடம் தூக்கம் வராமல் தவித்தபோது யாரோ சொன்னார்கள் என்று லாவெண்டர் எண்ணெயைத் தலையணை ஓரத்தில் தொட்டுவைத்துப் படுத்தார், நன்றாகத் தூங்கினார். இதை நான் மறுக்கவில்லை. நல்ல வாசனை மனதுக்கு இதம்தான். அதோடு நின்றாரா? தலைவலிக்குப் புதினா, சளிக்கு யூகலிப்டஸ், கோபத்துக்கு ஆரஞ்சு, மேலதிகாரி கூப்பிட்டால் சந்தனம் என்று பதினாறு குட்டிப் புட்டிகள் இழுப்பறையை நிறைக்க, பேனாவும் ஸ்டேப்ளரும் ஜன்னல் மேடைக்குக் குடிபெயர, மேசை நடுவில் ஆவி கக்கும் டிஃப்யூசர் ஒன்று சட்டமாக வந்து உட்கார்ந்தது. அடுத்த மேசை டைப்பிஸ்ட் அம்மாவுக்கோ ஆஸ்துமா. அவர் இருமினால், "பாத்தீங்களா, உள்ள இருக்கிற கெட்டதெல்லாம் வெளிய வருது!" என்று டிஃப்யூசரில் இன்னும் கொஞ்சம் எண்ணெய் ஊற்றுவார். அந்த அம்மா கெஞ்சிக் கூத்தாடி வேறு மாடிக்கு மாற்றல் வாங்கிப் போனார். இருமல் சத்தம் நின்றதால் குணமாகிவிட்டது என்று இவர் முடிவு கட்டிவிட்டார்.

இந்த எண்ணெய்களைத் தேங்காய் எண்ணெயில் கலந்து, முழங்கையில் கொஞ்சம் தடவிச் சோதித்துவிட்டுத்தான் பூச வேண்டும் என்பார்கள். இவரும் சோதிப்பவர்தான். அடுத்தவர் முழங்கையில். கலப்பதாவது? "கலந்தா பவர் போயிடும்!" அலுவலகக் காவலாளியின் கழுத்து சிவந்து கொப்பளித்தபோது, "வேலை செய்யுது" என்றார். "இயற்கைதானே, ஒண்ணும் பண்ணாது."

தேள் கொட்டுவதும் இயற்கைதான் ஐயா!

ஒரு ஞாயிற்றுக்கிழமை இவர் தங்கை கணவரோடும் மூன்று மாதக் கைக்குழந்தையோடும் வந்தாள். குழந்தைக்கு மூக்கடைப்பு, பால் குடிக்க முடியாமல் வீறிட்டு அழுதது. ஜிப் திறந்தது. இருப்பதிலேயே காட்டமான புதினா எண்ணெய் வெளியே வந்தது.

"பிள்ளைய இப்படிக் காட்டும்மா. மூக்குக்குக் கீழ ஒரே ஒரு சொட்டுதான்."

"வேணாம்ண்ணா. டாக்டர் சொட்டு மருந்து குடுத்திருக்காரு."

"அவருக்கு என்ன தெரியும்? நான் இதுல முப்பது புத்தகம் படிச்சவன்!"

புட்டி சாய்ந்தது. தங்கை கணவர், மருந்துக்கடைக்காரர், மச்சானின் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தார். புட்டியை வாங்கித் திருப்பினார்.

"முப்பது புத்தகம் படிச்சீங்க, சரி. இதைப் படிச்சீங்களா மச்சான்?"

லேபிளின் பின்பக்கம், எறும்பு வரிசைபோல நாலு வரி. தங்கை கணவரே உரக்கப் படித்தார்: "சிறு குழந்தைகளின் மூக்கருகே பூசக் கூடாது. மூச்சுத் திணறல் உண்டாகலாம்." "இத்தனூண்டு பிள்ளை மச்சான். மூச்சே நின்னிருக்கும்."

தங்கை குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினாள். உள்ளேயிருந்து குழந்தை தும்மும் சத்தம் கேட்டது. நம்மவர் கை, அவரைக் கேட்காமலே, ஜிப்பைத் தேடிப் போனது. பாதியில் நின்றது. அன்று சாயங்காலம்தான் அவர் பதினாறு புட்டிகளையும் திருப்பிவைத்து, முதல் தடவையாகப் பின்பக்கம் படித்தார்.

சிரிக்கிறீர்களா? உங்கள் கைப்பையைக் கொஞ்சம் கொட்டிப் பாருங்கள். புட்டி இல்லாவிட்டால் தைல டப்பாவாவது இருக்கும். அதன் பின்பக்கம் என்ன எழுதியிருக்கிறது, சொல்லுங்கள் பார்ப்போம்? நான் என்னுடையதை இன்று காலையில்தான் படித்தேன். அதற்குள் பாதி தீர்ந்திருந்தது. அந்தப் பாதி யார் யார் மூக்குக்குப் போனது என்று உட்கார்ந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன்.