வெள்ளிக்கிழமைக் கோழி

கோழியின் கடைசித் தொடை எலும்பை ததேயுஸ் உறிஞ்சிக்கொண்டிருந்தபோது, ஜன்னலோரம் நின்ற அவர் மகள் லீமா மெதுவாகச் சொன்னாள்.

"அப்பா, வெளிய நம்ம சாமியாரு நிக்காரு."

"எந்தச் சாமியாரு?"

"நம்ம இஞ்ஞாசிச் சாமியாரு. வராந்தாவுல நடக்காரு."

ததேயுஸ் சிரித்தார். சாளைத்துறைப் பங்குச் சாமியார் கடற்கரையில் இருப்பார். இதுவோ யானைக்காட்டின் நடுவில், ஒரு வெள்ளைக்காரத் துரை கட்டிவைத்த மலை பங்களா ஓட்டல். அவருக்கு இங்கே என்ன வேலை? எழுந்துபோய் எட்டிப் பார்த்தார். வெள்ளை அங்கி, நரைத்த தாடி, கையில் செபமாலை. அவரேதான். மூக்கைத் தூக்கிக் காற்றில் எதையோ மோப்பம் பிடித்தபடி அங்குமிங்கும் நடந்துகொண்டிருந்தார்.

"எஸ்டேட்டுக் கூலிக்காரங்களுக்குப் பூசை வைக்க வந்திருப்பாரு. வந்தா வரட்டு. நமக்கென்ன?"

லீமா விரல்களை மடக்கினாள். "செவ்வாக்கெழம மலை ஏறுனோம். புதன் அம்மைய அட்டை கடிச்சுது. நேத்து முழுக்க மழை. அப்பம் இன்னைக்கு..." விரல் நின்றுவிட்டது. "வெள்ளியாக்கும் அப்பா."

எலும்பு ததேயுஸின் கையிலிருந்து தட்டில் விழுந்தது.

வெள்ளிக்கிழமை இறைச்சி தின்பது பாவம் என்பது சாளைத்துறையில் பால்குடிக்கும் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் வருஷம் முழுக்க மீன் தின்கிற ஊரில் வெள்ளிக்கிழமையை யாரும் எண்ணி வைப்பதில்லை. சாளைமீனைத் தின்றே பத்துப் பன்னிரண்டு தலைமுறை பாவமில்லாமல் மோட்சத்துக்குப் போயிருந்தது. மீன் கிடைக்காத மலைக்கு வந்து மாட்டிக்கொண்ட முதல் குடும்பம் இதுதான்.

வந்ததற்குக் காரணம் ததேயுஸின் மனைவி வியாகுலம்மாள். கொழும்பிலிருக்கும் தங்கை நுவரெலியாவுக்குப் போய்வந்து, அங்கே மேகம் ஜன்னல் வழியாகப் படுக்கைக்கே வந்தது என்று கடுதாசி எழுதிவிட்டாள். அன்றிலிருந்து வீட்டில் நிம்மதி இல்லை. கருவாட்டு வியாபாரியான ததேயுஸ், மகள் கல்யாணத்துக்கு முன்னால் மனைவிக்கும் ஒரு மேகத்தைக் காட்டிவிடுவது என்று புறப்பட்டார்.

மேகம் வந்தது. ஓட்டல் சூப்பும் வந்தது. வியாகுலம்மாள் அதைப் பாத்திரம் கழுவிய தண்ணீர் என்று ஜன்னல் வழியே ஊற்றிவிட்டு, கஞ்சியும் பயறும் போதும் என்று பட்லர் ஜெபமணியிடம் சொல்லிவிட்டாள். மூன்று நாளும் மூன்று வேளையும் கஞ்சி, பயறு. நாலாம் நாள் மத்தியானம் மூடிபோட்ட பீங்கானில் முழுக்கோழி பொரித்து வந்தபோது, பட்லருக்கு இரக்கம் வந்துவிட்டது என்று நினைத்தார்கள். யாரும் எதுவும் கேட்கவில்லை. கேட்க வாய் ஒழியவில்லை.

வெறும் பாவம் என்றால் ததேயுஸ் இவ்வளவு பயந்திருக்க மாட்டார். வியாபாரிக்குப் பாவம் பழகிய சங்கதி. ஆனால் போன மாசம்தான், வெள்ளிக்கிழமை ஆட்டுக்கால் தின்ற சிலுவைமுத்துவை, கையில் அந்த எலும்போடு மூன்று ஞாயிறு கோயில் வாசலில் முழங்கால் போட வைத்தார் சாமியார். அவன் மகள் கல்யாணத்தை அறிவித்து மூன்று ஞாயிறு கோயிலில் வாசிக்க வேண்டிய ஓலையையும் நிறுத்திவிட்டார். மாப்பிள்ளை வீட்டார் எலும்பைப் பார்த்துவிட்டு வேறிடம் பார்த்துக்கொண்டார்கள். லீமாவுக்கு முதல் ஓலை வாசித்தாயிற்று. இரண்டாம் ஓலை வருகிற ஞாயிறு.

"எனக்க கல்யாணம் இந்தக் கோழியோட போச்சா அப்பா?" என்றாள் லீமா.

"மிண்டாத மக்கா. எலும்பு இருந்தாத்தானே கோழி?"

ததேயுஸ் தட்டிலிருந்த எலும்புகளை அள்ளிப் பின் ஜன்னல் வழியே காட்டுக்குள் வீசினார். ஓட்டல் நாய் ஒன்றைக் கவ்விக்கொண்டு ஓடியது. நேரே முன்வராந்தாவுக்குப் போய், சாமியாரின் காலடியில் படுத்துக் கடிக்க ஆரம்பித்தது. சாமியார் குனிந்து எலும்பை வெகுநேரம் பார்த்தார். பிறகு நாய் வந்த வழியே நடக்கத் தொடங்கினார்.

"இஞ்சோட்டுதான் வாறாரு," என்றாள் லீமா.

"எலும்பு போனாலும் மணம் போவலியே. மூக்கத் தொளைக்கி. நான் பாத்துக்கிடுதேன்," என்றாள் வியாகுலம்மாள்.

அவள் டிரங்குப் பெட்டியைத் திறந்தாள். கரடி வரும் என்று சொல்லிப் பட்லர் சுட விடாமல் தடுத்திருந்த நெய்மீன் கருவாடு அதில் இருந்தது. குளிர்காயும் கணப்பில் இரண்டு துண்டைத் தூக்கிப் போட்டாள்.

"ஏட்டி, என்ன செய்யிய?"

"கோழி மணத்த இது அமுக்கிரும்."

அமுக்கியது. கோழியை மட்டுமல்ல, பங்களாவையே அமுக்கியது. மாடியில் ஒரு துரைசானி இருமினாள். தோட்டக்காரன் தீப்பிடித்ததென்று வாளியோடு ஓடிவந்து, மோந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போனான். கடற்கரையில் பிறந்து வளர்ந்த ஒரு மூக்குக்கு, அது எந்தத் துறைக் கருவாடு என்று தெரியாதா என்ன? கதவு தட்டப்பட்டது.

"ததேயுஸா உள்ள?"

கோழி வந்த பீங்கான் இன்னும் மேசைமேல் இருந்தது. வியாகுலம்மாள் அதை நாற்காலியில் வைத்து, மேலே சேலையைப் பரப்பி உட்கார்ந்துகொண்டாள். லீமா கதவைத் திறந்தாள்.

"தோத்திரம் சாமி," என்றார்கள் மூன்று பேரும்.

"தோத்திரம், தோத்திரம். நீங்களும் இஞ்சதான் இருக்கியளா? நான் நேத்து வந்தேன். பக்கத்து ரூமு." சாமியாரின் கண் மேசை, கட்டில், கணப்பு என்று சுற்றி, நாற்காலியில் வந்து நின்றது. குருவானவர் வந்தால் எழும்பாத பொம்பிளை சாளைத்துறையில் கிடையாது. "வியாகுலம், எழும்ப மாட்டியா?"

"முட்டுவலி சாமி."

"மலையேறி வந்த முட்டா?"

வியாகுலம்மாள் சேலையை இன்னும் இழுத்துப் பரப்பினாள். சாமியார் ததேயுஸிடம் திரும்பினார்.

"மத்தியானம் என்ன தின்னிய?"

"கஞ்சியும் பயறும் சாமி."

சாமியார் நெடுமூச்சு விட்டார். "கஞ்சியும் பயறும். எனக்கும் அதுதான்."

அந்தப் புண்ணியவானுக்கு முன்னால் ததேயுஸ் கூசிப்போனார்.

"ஒனக்க மீசையில என்ன அது?"

"பயறுக்குப் போட்ட மஞ்சளாக்கும் சாமி."

"நெய்யுமா போட்டான்?"

அதற்குள் வியாகுலம்மாளின் கனத்தைத் தாங்காமல் பீங்கான் உடைந்தது. அவள் அலறியடித்துக்கொண்டு எழுந்தாள். நாற்காலியில் இரண்டு பீங்கான் துண்டும், நடுவில் ஒரு கோழிக் கழுத்தெலும்பும் கிடந்தன.

ததேயுஸ் முழங்காலில் விழுந்தார். "சாமி, எல்லாம் எனக்க பாவம். பிள்ளைக்க ஓலைய மட்டும் நிறுத்தப்பிடாது. எத்தன ஞாயிறு வேணும்னாலும் நான் எலும்போட வாசல்ல நிக்கேன்."

"எம்புடு தின்னிய?"

"முழுக்கோழி சாமி."

"கொஞ்சங்கூட மிச்சமில்லியா?"

"ஈரல நான்தான் தின்னேன் சாமி," என்றாள் லீமா, அழுதுகொண்டே.

சாமியாரின் கண் கலங்கிவிட்டது. சுவரைப் பிடித்துக்கொண்டார். ததேயுஸ் தன் ஆத்துமத்துக்காக ஒரு குருவானவர் கண்ணீர் விடுவதை ஜென்மத்தில் கண்டதில்லை. அவரும் நெஞ்சில் அறைந்துகொண்டு அழுதார்.

அப்போது பட்லர் ஜெபமணி மூச்சிரைக்க வாசலில் வந்து நின்றான். சாமியாரைக் கண்டதும் கையைக் கட்டிக்கொண்டான்.

"சாமி கோவப்படப்பிடாது. நேத்தே நீங்க எனக்க காதுல சொன்ன கோழிய, சமையக்காரன் ரூமு மாறி இவங்களுக்குக் குடுத்துட்டான். இவங்களுக்க கஞ்சியாக்கும் ஒங்க மேசையில இருக்கு."