சிஸ்டம் சாமியின் பட்டு உறை

வெள்ளிக்கிழமை வந்தால் மில்லர்புரத்தில் அந்தத் தெருவே அடைத்துக்கொள்ளும். குழந்தைக்குத் தடுப்பூசி போட வந்த கூட்டம் மாதிரி, ஆணும் பெண்ணும் இடுப்பில் ஆளுக்கொன்றைச் சுமந்துகொண்டு வரிசையில் நிற்பார்கள். கிட்டே போய்ப் பார்த்தால் அத்தனையும் கம்ப்யூட்டர் பெட்டி! மஞ்சள் தடவி, பொட்டு வைத்து, சிலதுக்குப் பிச்சிப்பூ வேறு.

எல்லாம் சிஸ்டம் சாமியின் அருளுக்காக. பெற்றோர் வைத்த பெயர் சிவனணைந்தபெருமாள். ஞானம் பிறக்குமுன் ஃபிரிட்ஜுக்கும் டிவிக்கும் கவர் தைத்து விற்றவர். கடலோர ஊர், உப்புக்காற்று. கண்ணில் பட்டதையெல்லாம் நாம்தான் மூடி வைப்போமே! அந்த வியாபாரம் படுத்ததும் அவருக்குள் ஜோதி எழுந்தது. கம்ப்யூட்டர் ஏன் மெதுவாக ஓடுகிறது? கண்ணேறு! தீர்ந்தது விஷயம்.

வைத்தியம் எளிது. பெட்டியைத் திரைச்சீலைக்குப் பின்னால் கொண்டுபோவார். உள்ளே 'புஸ்ஸ்' என்று ஒரு பெருமூச்சு கேட்கும். "சாமி மூச்ச ஊதிக் கண்ணேற ஓட்டுதாரு" என்று பக்தர்கள் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். பிறகு ஏசி மண்டபத்தில் வைத்து ஓட்டிக் காட்டுவார். பறக்கும். கடைசியில் பெட்டியை நாலு பக்கமும் மூடிய ஒரு பட்டு உறையை மாட்டி, நாடாவை இறுக்கிக் கட்டுவார்.

"எக்காரணம் கொண்டும் இதக் கழட்டப்படாது. கழட்டுனா சக்தி வெளிய போயிரும்."

வீட்டுக்குப் போனதும் மறுபடி மாடு மாதிரிப் படுத்துக்கொள்ளும். கேட்டால், "கண்ணு அப்பிடிப்பட்ட கண்ணு. ரெட்டை உறை போடணும்" என்பார். போட்டார்கள். யாருக்கும் சந்தேகம் வரவில்லை, சந்தேகப்பட்டால்தான் பாவமாயிற்றே.

சீனித்தாயும் ரெட்டை உறைக்காரிதான். கணவன் போன பிறகு, துறைமுகத்தில் சரக்கு அனுப்பும் முத்துச்செல்வம் அண்ணாச்சிக்கு வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் சரக்குப் பேப்பர்கள் தயாரித்து அனுப்பித்தான் அவள் வீட்டில் உலை கொதித்தது. ஒரு வியாழக்கிழமை அண்ணாச்சி போனிலேயே வெடித்தார்.

"ஏளா சீனித்தாயி, உன் பேப்பர் வராம கண்டெய்னரு அப்பிடியே நிக்கி. உன் கம்ப்யூட்டருக்காகக் கப்பல் காத்துக் கெடக்குமா? நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள வரணும். வரலேன்னா நான் வேற ஆளப் பாத்துக்கிடுதேன்."

அவள் அவசரமாகப் போனை வைத்தாள். வைத்த வேகத்தில் கை தட்டிக் கருப்பட்டிக் காப்பி உறைமேல் கொட்டிவிட்டது. ஐயோ, தெய்வக் குத்தம்! அழுதுகொண்டே உறைகளைக் கழற்றித் துவைத்துக் கொடியில் போட்டாள். சாபம் வருமுன் முடிந்ததைச் செய்வோம் என்று உட்கார்ந்தால், கம்ப்யூட்டர் பிய்த்துக்கொண்டு ஓடுகிறது! உறை காய்ந்தது, பயபக்தியோடு மாட்டினாள். கொஞ்ச நேரத்தில் பெட்டி தோசைக்கல்லாகக் கொதித்தது, வேலை நின்றது. கழற்றினாள். ஓடியது. மாட்டினாள். நின்றது.

இரவெல்லாம் அவளுக்குள் சந்தேகமும் பயமும் மல்லுக்கட்டின. விடிந்ததும் பயம்தான் ஜெயித்தது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு சாமியிடம் போய் நடந்ததைச் சொன்னாள்.

"கழட்டுனியா? பாவி!" என்று சாமி கண்ணை உருட்டினார். "இனி மூணு உறை போட்டாத்தான் அடங்கும். காணிக்கைக்கு அந்த வளையலக் கழட்டி வையி."

சீனித்தாய் வளையலைப் பார்த்தாள். அவளிடம் மிச்சமிருந்த பொன் அதுதான். தலையைத் தூக்கினாள். எதிரே பெரிய திரையில் சாமியின் மகிமைப் படம் ஓடிக்கொண்டிருந்தது. அதை ஓட்டும் கம்ப்யூட்டர் மேசைமேல் இருந்தது, ஒரு துண்டுத் துணிகூட இல்லாமல்.

"சாமி, ஊர்க்கண்ணு பூரா உங்க மேலதான. உங்க பெட்டி மட்டும் ஏன் வெறும் மேலோட நிக்கி?"

"எனக்குக் கண்ணு படாது."

நாசரேத் ஊரிலிருந்து வந்து வரிசையில் நின்ற கிருபாபாய் டீச்சர் பதறிப்போனார். "அப்பிடிச் சொல்லாதிய சாமி. போன வாரம் உங்களுக்குச் சளி புடிச்சுச்சே! போடுங்க, எங்களுக்கு மனசு கேக்கல."

பக்தி பொல்லாதது. சாமி "வேண்டாம், வேண்டாம்" என்று தடுக்கத் தடுக்க, அன்பு மிகுந்த கூட்டம் அவர் பெட்டிக்கு மூன்று உறை மாட்டி, நாடாவையும் முடிச்சுப் போட்டுவிட்டது. எல்லோரும் உட்கார்ந்து மகிமைப் படம் பார்த்தார்கள். கொஞ்ச நேரம் போயிற்று. திரையில் ஆசீர்வதிக்கத் தூக்கிய சாமியின் கை தூக்கியபடியே நின்றது. "பக்... தர்... க... ளே..." என்று குரல் எருமை முக்குவது போல இழுத்தது.

சீனித்தாய் உறைகளை உருவினாள். சற்றுப் பொறுத்துச் சாமியின் கை இறங்கியது, குரல் தெளிந்தது. மறுபடி மாட்டினாள். மறுபடி எருமை.

"பெட்டிக்குள்ள சூடு. காத்துப் போற ஓட்டையப் பூராவும் இந்தத் துணி அடைக்கி. அடைச்சிவிடுததும் நீங்க, தெறந்துவிட்டுக் காணிக்கை வாங்குததும் நீங்க!"

"இன்னைக்கு அமாவாசை, அதான்..." என்று சாமி முனகினார்.

"பௌர்ணமி முடிஞ்சு ரெண்டு நாளுதான் ஆவுது சாமி" என்றார் டீச்சர். இப்போது அவர் குரலில் அந்தப் பழைய பதற்றம் இல்லை.

யாரோ பின்னாலிருந்த திரைச்சீலையை இழுத்தார்கள். சாமியின் பெருமூச்சு அங்கே இருந்தது: தூசி ஊதும் ஒரு சின்ன மிஷின். பக்கத்தில் தையல் மிஷினும், வெட்டி வைத்த பட்டுத் துணியும். சாமியைத்தான் காணோம். பின்வாசல் கதவு ஆடிக்கொண்டிருந்தது.

சீனித்தாய் வளையல் குலுங்கப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடினாள். உறையில்லாமல் ஓட்டினாள். சாயங்காலம் அண்ணாச்சி கூப்பிட்டார்: "பேப்பர் வந்துட்டுளா. சரக்கு ஏறிட்டு. நாளைக்கு உள்ள வேலைய அனுப்பியிருக்கேன், பாத்துக்கோ." அவள் போனை வைத்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தாள்.

அடங்குவார்களா நம் ஆட்கள்? தெற்கே ஓர் ஊரில் வைஃபைக்குத் தாயத்துக் கட்டும் மகான் ஒருவர் எழுந்தருளியிருக்கிறாராம். இங்கிருந்து வேன் பேசியாயிற்று. தாராளமாகப் போய் வாருங்கள். கையை நீட்டுமுன் அந்த மகானிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: "சாமி, உங்க வீட்டு வைஃபைக்கு இதக் கட்டியிருக்கியளா?"