ராஜமேரி பேரில் இருந்த ரேடியோ

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்து மூன்றாம் வருஷம், பொங்கல் கழிந்த முதல் திங்கட்கிழமை. கிணற்றடியில் பல் விளக்கிக்கொண்டிருந்த பிலவேந்திரன் பாதி வாயில் பிரஷ்ஷோடு ஒரு முடிவுக்கு வந்தார். இனிமேல் இந்த வீட்டு ரேடியோவின் காதைத் திருகும் அதிகாரம் தன் கையில்தான் இருக்க வேண்டும். எடுத்த முடிவு பெரியது. அதனால் வாயைக்கூடக் கொப்பளிக்காமல் நிமிர்ந்து நின்றார். நுரை சட்டையில் வழிந்தது.

பாப்பாரப்பட்டிப் பக்கத்தில் ஒரு பால் கூட்டுறவுச் சங்கத்துக்கு அவர் செயலாளர். விடிந்தால் பால் அளப்பது, கொழுப்பு பார்ப்பது, நோட்டில் எழுதுவது. எருமை முட்டினால்கூட எந்த ரிஜிஸ்தரில் ஏற்றுவது என்று யோசிக்கிற மனிதர். வாயால் முடியாத காரியத்தைக் காகிதத்தால் முடிக்கலாம் என்பது அவருடைய நம்பிக்கை. கல்யாணமாகிப் பதினோரு வருஷத்தில் வாயால் அவர் ஜெயித்தது ஒரு தரம்கூட இல்லை. ஆகவே நம்பிக்கை நாளுக்கு நாள் பலப்பட்டுக்கொண்டே வந்தது.

அந்த ரேடியோ மாமனார் மதலைமுத்து மகளுக்குக் கொடுத்தது. கல்யாணத்தன்று கடத்தூரிலிருந்து வண்டியில், வைக்கோல் மெத்தையில், மாப்பிள்ளையைவிட சொகுசாக வந்து இறங்கியது. மூன்று பேண்டு வால்வு செட்டு. சின்ன ரேடியோக்களுக்கு லைசென்சு வேண்டாம் என்று அரசாங்கம் விட்டுவிட்டாலும் இந்த மாதிரி பெரிய செட்டுக்கு அப்போது லைசென்சு உண்டு. வருஷா வருஷம் போஸ்ட் ஆபீசில் புதுப்பிக்க வேண்டும். மாமனார் அந்தச் சின்னப் புத்தகத்தை முன்யோசனையோடு மகள் பேரிலேயே வாங்கியிருந்தார்.

அதுதான் வினை. நியூசுக்குத் திருப்ப பிலவேந்திரன் கை நீளும்போதெல்லாம் ராஜமேரி ஒரே ஒரு கேள்வி கேட்பாள்.

"லைசென்சு யாரு பேர்ல இருக்குதுங்க?"

கை தானாகத் திரும்பி வந்துவிடும்.

பதினோரு வருஷம் பொறுத்தவர் அந்தத் திங்கட்கிழமை ஏன் பொங்கினார் என்றால், அதற்குக் காரணம் இருந்தது. மார்கழியில் வானொலிக்காரர்கள் டேப் ரிக்கார்டரோடு சங்கத்துக்கு ஜீப்பில் வந்திருந்தார்கள். விவசாய நிகழ்ச்சிக்காக "கறவை மாடுகளுக்கு மடிநோய் வராமல் தடுப்பது எப்படி" என்று அவரை இரண்டு நிமிஷம் பேசச் சொல்லிப் பதிந்துகொண்டு போனார்கள். இந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆறே முக்காலுக்கு ஒலிபரப்பு என்று கார்டு வந்துவிட்டது. கார்டைப் படித்ததும் ஊரெல்லாம் சொல்லியாயிற்று. சங்கத் தலைவர் மாதுவை வீட்டுக்கே வந்து கேட்கும்படி அழைத்தும் ஆயிற்று.

வெள்ளிக்கிழமை ஆறே முக்காலுக்கு வேறொரு ஸ்டேஷனில் ராஜமேரியின் தொடர் நாடகம்.

"அன்னைக்கு ஒரு நாளு மட்டும் விட்டுக்குடேன் மேரி" என்று ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வரும்போதே கெஞ்சிப் பார்த்தார்.

"அந்தப் புள்ளைக்குக் கல்யாணம் நின்னு போயிருக்குதுங்க. அடுத்து என்ன ஆவுதோன்னு நானே பதறிக்கிட்டிருக்கறேன்."

"அது நாடகத்துல வர்ற புள்ள! நான் உன் சொந்தப் புருசன்!"

"உங்க பேச்சைத்தான் தெனமும் கேக்கறனே. அதுவும் லைசென்சு இல்லாமயே."

இதற்கு மேல் ஒரு மனிதன் எப்படிப் பொறுப்பான்?

பாலை அனுப்பிவிட்டு நேராக போஸ்ட் ஆபீசுக்கு சைக்கிளை மிதித்தார். போஸ்ட் மாஸ்டர் சென்னப்பன் சட்டம் தவறாத மனிதர். சொந்தத் தம்பியாக இருந்தாலும் ஜன்னலுக்கு வெளியே நின்றால் "யாருங்க நீங்க?" என்றுதான் கேட்பார்.

"ரேடியோ லைசென்சு என் சம்சாரம் பேர்ல இருக்குதுங்க. அதை என் பேருக்கு மாத்தணும்."

சென்னப்பன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். "காரணம்?"

"காரணமெல்லாம் சொல்லணுமுங்களா?"

"பாரத்துல கட்டம் இருக்குது. மூணுதான் காரணம். லைசென்சுதாரர் இறந்துபோனது. செட்டை வித்தது. இனாமாக் குடுத்தது. இதுல எது?"

பிலவேந்திரன் சிலுவை போட்டுக்கொண்டார். "இனாமுன்னே வெச்சுக்குங்க."

"நான் வெச்சுக்க முடியாது. அவங்க வெக்கணும். முழு மனசோட குடுக்கறேன்னு எழுதிக் கையெழுத்துப் போடணும். பாரம் ரெண்டு பிரதி. பழைய லைசென்சு புஸ்தகம். செட்டுக்குப் பின்னால இருக்கற நம்பர். பூர்த்தி பண்ணிக் கொண்டாங்க."

செவ்வாய்க்கிழமை பூர்த்தி செய்து கொண்டுபோனார். சென்னப்பன் நம்பரைப் பார்த்தார். பிலவேந்திரன் அவசரத்தில் செட்டின் நம்பருக்குப் பதில் மின்சார மீட்டரின் நம்பரை எழுதியிருந்தார்.

"இந்த நம்பருக்கு லைசென்சு குடுத்தா நீங்க மீட்டர்லதான் பாட்டுக் கேக்கணும்" என்று பாரத்தைத் திருப்பித் தள்ளினார் சென்னப்பன். "அப்புறம், செட்டு வெக்கிற இடமுன்னு ஒரு கட்டம். அது காலியா இருக்குது. காலியா இருந்தா வாங்க மாட்டேன்."

புதுப் பாரம் இரண்டு வாங்கிக்கொண்டு வந்தார். புதன்கிழமை சாயங்காலம் சங்க ஆபீசில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தார். சம்மதக் கடிதத்தை அவரே மனைவிக்காக எழுதினார். 'நான் என் சுயபுத்தியுடனும் முழு மனதுடனும், யாருடைய வற்புறுத்தலும் இன்றி, அன்பின் காரணமாக மேற்படி ரேடியோவை என் கணவருக்கு இனாமாக அளிக்கிறேன்.' எழுதி முடித்ததும் அவருக்கே கண் கலங்கிவிட்டது. அந்தக் கலக்கத்தில் இடம் என்ற கட்டத்தை மறுபடியும் மறந்துபோனார்.

அடுத்தது கையெழுத்து. ராஜமேரி பேரில் சங்கத்தில் இரண்டு மாடு உண்டு. வருஷத்துக்கு ஒரு தரம் உறுப்பினர் காகிதங்களில் கையெழுத்துப் போடுவாள். அந்தக் கட்டுக்கு நடுவே இரண்டு பாரங்களையும் சம்மதக் கடிதத்தையும் செருகினார். எருமைத் தீவனக் கடன் பாரத்துக்கும் கன்று இன்ஷூரன்சுக்கும் இடையில். சி.ஐ.டி.கூடத் தேடிக் கண்டுபிடிக்க முடியாத இடம்.

ராஜமேரி ராகி மாவு பிசைந்துகொண்டிருந்தாள்.

"சங்கத்துக் காகிதம் மேரி. பென்சில் புள்ளி வெச்சிருக்கற எடத்துல எல்லாம் ஒரு கையெழுத்து."

"போன வருசம் மூணுதானே? இப்ப ஆறு புள்ளி இருக்குது?"

"அரசாங்கம் கூட்டியிருக்குது."

"எதைத்தான் கூட்டல? கையெல்லாம் மாவா இருக்குது. வெச்சுட்டுப் போங்க."

"படிச்சுப் பாக்கணுமுன்னு ஒண்ணும் இல்ல. எல்லாம் நான் படிச்சாச்சு."

"நீங்க படிச்சா நான் படிச்ச மாதிரிதாங்க" என்றாள் ராஜமேரி, மாவிலிருந்து தலையை எடுக்காமல்.

வியாழக்கிழமை விடிந்ததும் கட்டு மேஜைமேல் இருந்தது. ஆறு புள்ளிகளிலும் ஆறு கையெழுத்து. ஒவ்வொன்றும் கன்னியாஸ்திரிகள் பள்ளிக்கூடத்தில் பழகிய குண்டு குண்டு எழுத்து. கையெழுத்தைப் பார்த்த கண் வேறெதையும் பார்க்கவில்லை. பிலவேந்திரன் பாரங்களை உருவிச் சட்டைப்பைக்குள் திணித்துக்கொண்டு பறந்தார். அன்றைக்குப் பாலில் கொழுப்பு பார்க்கவே மறந்துவிட்டார். ஊரிலிருந்த எல்லா மாட்டுக்கும் ஒரே கொழுப்பு என்று எழுதிவிட்டு வந்தார்.

சென்னப்பன் ஒவ்வொரு கட்டமாக விரலை வைத்துப் படித்தார். ஒரு கட்டத்தில் மட்டும் விரல் நின்றது. கண்ணாடிக்கு மேலாக பிலவேந்திரனைப் பார்த்தார்.

"எல்லாம் சரியாத்தான் இருக்குதுங்களா?"

"நூத்துக்கு நூறு சரிங்க! குத்துங்க முத்திரையை!"

சென்னப்பன் பாரத்தில் உள்ளதை உள்ளபடி லைசென்சு புத்தகத்தில் ஏற்றி முத்திரையைக் குத்தினார். அந்தச் சத்தம் பிலவேந்திரன் காதில் கோயில் மணி மாதிரி விழுந்தது. சந்தோஷம் தாங்காமல், "வெள்ளிக்கிழமை சாயங்காலம் நீங்களும் நம்ம வூட்டுக்கு வரணுமுங்க. ரேடியோவுல பேசறேன்" என்று போஸ்ட் மாஸ்டரையும் அழைத்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை ஆறரைக்கு மாது வந்தார். தோளில் புதுத் துண்டு. சென்னப்பனும் வந்தார். பிலவேந்திரன் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில், தானே ரேடியோவுக்குள் போகப்போகிறவர் மாதிரி நின்றார். இருவரையும் முன் ஹாலில் உட்கார வைத்துவிட்டு ரேடியோ ஸ்டாண்டு பக்கம் திரும்பினார்.

ஸ்டாண்டு இருந்தது. ரேடியோ இல்லை.

"மேரி!"

ராஜமேரி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். விருந்தாளிகளை வாங்க வாங்க என்று கேட்டாள்.

"ரேடியோ எங்க?"

"உள்ள இருக்குதுங்க."

"நாடகம் கேக்க உள்ள தூக்கிட்டுப் போயிட்டயா? இன்னைக்கு அது நடக்காது." பிலவேந்திரன் சட்டைப்பையிலிருந்து லைசென்சு புத்தகத்தை மெதுவாக எடுத்தார். பதினோரு வருஷம் காத்திருந்த கேள்வியைக் கேட்டார். "லைசென்சு யாரு பேர்ல இருக்குது?"

"உங்க பேர்லதாங்க."

இந்தப் பதிலை அவர் எதிர்பார்க்கவில்லை. கொஞ்சம் தடுமாறினார். "உனக்கு எப்படித் தெரியும்?"

"நான்தானே குடுத்தேன்? சுயபுத்தியோட, முழு மனசோட, அன்பின் காரணமா. எவ்வளவு அழகா எழுதியிருந்தீங்க! ரெண்டு தரம் படிச்சேன்."

மாது தொண்டையைச் செருமிக்கொண்டார். சென்னப்பன் கூரையைப் பார்த்தார்.

"படிச்சுட்டா... கையெழுத்துப் போட்ட?"

"ஆசையாக் கேக்கறீங்க. இதைக் கூடக் குடுக்க மாட்டனா? ஒரு கட்டம் காலியா இருந்துது. அதையும் நானே நிரப்பிட்டேன். சத்தமாப் படிங்க, தலைவரும் கேக்கட்டும்."

பிலவேந்திரன் புத்தகத்தைத் திறந்தார். "உரிமம். லைசென்சுதாரர் பெயர், பிலவேந்திரன்" என்று கம்பீரமாக ஆரம்பித்தார். "செட்டு, வால்வு, மூன்று பேண்டு. செட்டு வைக்கப்படும் இடம்..."

குரல் தேய்ந்தது.

"இடம்?" என்றார் மாது.

"சமையலறை."

பிலவேந்திரன் போஸ்ட் மாஸ்டர் பக்கம் திரும்பினார். "என்னங்க இது?"

"அதுக்குத்தானே எல்லாம் சரியான்னு கேட்டேன். நூத்துக்கு நூறுன்னீங்க."

"சரி, நம்ம வூடுதானே. அஞ்சு நிமிசம் இங்க தூக்கியாந்து வெச்சுக்கலாம்."

"நான் போனப்புறம் வெச்சுக்குங்க" என்றார் சென்னப்பன். "உரிமத்துல ஒரு எடம், செட்டு இன்னொரு எடம்னா அது சட்டவிரோதம். நான் கண்ணால பாத்தா எழுதித்தான் ஆகணும். எடம் மாத்தணுமுன்னா அதுக்குத் தனிப் பாரம் இருக்குது. ரெண்டு பிரதி. நாளைக்குப் பத்து மணிக்கு வாங்க."

கடிகாரத்தில் ஆறு நாற்பத்து மூன்று. வால்வு செட்டு சூடாகவே ஒரு நிமிஷம் பிடிக்கும்.

"உள்ள வாங்க! எல்லாரும் உள்ள வாங்க!" என்று கத்திக்கொண்டு சமையலறைக்கு ஓடினார் பிலவேந்திரன்.

உள்ளே மசாலா டப்பாக்களுக்குப் பக்கத்தில் ரேடியோ ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தது. ஏரியல் கம்பி ஜன்னலில் கச்சிதமாகக் கட்டியிருந்தது. கீழே மூன்று பலகை போட்டிருந்தாள். எத்தனை பேர் வருகிறார்கள் என்பதுகூட அவளுக்குத் தெரிந்திருந்தது. மூன்று பலகைக்கும் நடுவே, ஒரு கூடை நிறையப் பச்சை மொச்சைக்காய்.

"இது என்னத்துக்கு?" என்றார் பிலவேந்திரன்.

"உரிமமுன்னு தானே போட்டிருக்குது? உரிங்க."

மாதுதான் முதலில் சிரித்தார். வயிறு குலுங்கச் சிரித்துவிட்டு, பலகையில் உட்கார்ந்து ஒரு கை காய் அள்ளினார். அடுத்தவர் வீட்டுச் சமையலறையில் சும்மா உட்கார்ந்திருப்பது சங்கடம் என்று சென்னப்பனும் அள்ளினார். மொச்சை உரிப்பதற்கு எந்தப் பாரமும் தேவையில்லை என்பது அவருக்கே கொஞ்சம் ஆச்சரியம்தான். பிலவேந்திரன் குமிழைத் திருகினார். பதினோரு வருஷத்தில் முதல் தடவை. உர்ரென்றது, கொர்ரென்றது, பிறகு தெளிந்தது.

"...தருமபுரி மாவட்டத்திலிருந்து திரு. பிலவேந்திரன் பேசுகிறார்."

அடுப்பில் விறகு வெடிப்பது கேட்கும் அளவுக்கு எல்லோரும் அமைதியானார்கள். தன் குரல் இவ்வளவு கட்டையாக இருக்கும் என்று பிலவேந்திரனுக்குத் தெரியாது. மடியைக் கழுவச் சொன்னது அந்தக் குரல். கறக்கும் முன் கையைக் கழுவச் சொன்னது. கடைசிச் சொட்டுவரை கறக்கச் சொன்னது. சங்கத்தின் பேரைச் சொன்னபோது மாது கண்ணைத் துடைத்துக்கொண்டார். ராஜமேரி குழம்புக் கரண்டியைக் கையில் பிடித்தபடி அசையாமல் நின்றாள். முகமெல்லாம் சிரிப்பு. அதைப் பார்த்ததும் பிலவேந்திரனுக்கு அவள்மேல் இருந்த கோபமெல்லாம் எங்கோ போய்விட்டது. தலைநிமிர்ந்து உட்கார்ந்தார். கை மட்டும் தன்பாட்டுக்கு உரித்துக்கொண்டிருந்தது.

பேச்சு முடிந்து நிகழ்ச்சியும் முடிந்தது. அதற்குள் கூடையும் காலி.

"என்னமா பேசிட்ட பிலவேந்திரா!" என்றார் மாது. "மாடு கேட்டிருந்தா அழுதிருக்கும்."

பிலவேந்திரன் பெருந்தன்மையோடு மனைவி பக்கம் திரும்பினார். "பாவம், எனக்காக நாடகத்தை விட்டுட்டயே மேரி. அந்தப் புள்ள கல்யாணம் என்னாச்சோ."

"ஒண்ணும் ஆவல. இந்த வெள்ளிக்கிழமை நாடகம் கெடையாதுன்னு போன வாரமே சொல்லிட்டாங்க."

"போன வாரமேவா? அப்ப நான் ஞாயித்துக்கிழமை கெஞ்சினது?"

"கேக்க நல்லா இருந்துதுங்க."

நாலு நாள் அலைச்சல், ஆறு பென்சில் புள்ளி, இரண்டு பிரதி, ஒரு மீட்டர் நம்பர் எல்லாம் அவர் கண்முன் வரிசையாக வந்து போயின. ராஜமேரி உரித்த மொச்சையை அள்ளிக் குழம்பில் போட்டாள். விருந்தாளிகள் இருவரும் களியும் மொச்சைக் குழம்பும் சாப்பிட்டுத்தான் போக வேண்டும் என்றாள். பிறகு கூடையைத் தட்டிக் கவிழ்த்து வைத்துக்கொண்டே கணவனை வாஞ்சையோடு பார்த்தாள்.

"அடுத்த வாரமும் ஏதாச்சும் பேசுங்களேன், துவரங்காய் ஒரு மூட்டை கெடக்குது."