வீட்டுக்குள் நான் போட்ட சென்றி

இதை எழுதாமலே விட்டிருப்பேன். எழுத்து வேலை எனக்கு ஒத்துவராது; ஓ.எல். சோதனையில் கணக்குப் பாடம் என்னை விடுவதாக இல்லை, நானும் அதை விடுவதாக இல்லை என்று கிடந்தவன் நான். ஆனால் காத்தான்குடியில் கொம்பியூட்டர் கடை வைத்திருக்கும் என் கூட்டாளி றிபாஸ், கடைக்கு வருகிற ஆட்களுக்கெல்லாம் இந்தக் கதையைச் சொல்கிறான். அவன் சொல்லும்போது கடைசியில் நான் அழுகிறேன். (அழவில்லை. பாலத்தடியில் காற்று. கண்ணில் மண்.)

சண்டை முடிந்த வருசம். சுனாமிக்குப் பிறகு கிடைத்த வீட்டில், அமிர்தகழியில், அம்மா, அக்கா, நான். அத்தான் கட்டாரில். அவர் அனுப்பிய காசில் றிபாஸ்தான் ஒரு கொம்பியூட்டர் பூட்டித் தந்தான். போட்டவுடன் திரையில் இரண்டு படம் வரும். வாத்துப் படம் அத்தானுடைய கணக்கு. அதைத்தான் அக்கா பாவிப்பாள். பந்துப் படம் என்னுடையது. படத்தை அமத்து, பாஸ்வேர்டைப் போடு, உள்ளே போ. குழந்தைக்கும் விளங்கும்.

என் பிரச்சினை என்னவென்றால், அந்தத் திரை கோள்மூட்டி. நான் கேம் விளையாடிவிட்டு, மூடாமல் அப்படியே எழும்பிப் போனால், பந்துக்குக் கீழே ‘இவருக்கு இத்தனை புறோகிராம் ஓடுது’ என்று எழுதிக் காட்டும். அக்கா பார்த்துவிட்டுக் கேட்பாள்:

“கணக்குப் படிச்சனியோ மனே? எத்தினை கணக்கு ஓடுதெண்டு இதில கிடக்கு!”

ஒரு நாள் செற்றிங்ஸுக்குள் நுழைந்து தேடினேன். ஆட்கள் உள்ளே போகும் முறையை மாற்றலாம் என்று ஒரு இடம் இருந்தது. அதில் கிடந்த சரி அடையாளத்தை எடுத்தேன். அவ்வளவுதான், படம் போச்சு, கோளும் போச்சு. அதற்குப் பதிலாகச் சாம்பல் நிறத்தில் ஒரு பெட்டி: பெயரை அடி, பாஸ்வேர்டை அடி. நாட்டில் ஆமியின் சோதனைச் சாவடிகளை, அதுதான் சென்றிகளை, ஒவ்வொன்றாக எடுக்கிறார்கள் என்று சனம் சந்தோசப்பட்ட காலத்தில், வீட்டுக்குள் ஒரு சென்றியைக் கொண்டுவந்து போட்ட ஒரே தமிழன் நான்தான். யாருக்கும் சொல்லவில்லை. பெருமையோடு படுத்துவிட்டேன்.

அடுத்த நாள் அக்காவின் மகள் பிறந்து முப்பத்தோராம் நாள். பிள்ளைக்குப் பெயர் வைக்கிற நாள். அத்தான் பிள்ளையின் முகத்தை இன்னும் பார்க்கவில்லை. கமராவில் பார்க்கவென்று வெள்ளிக்கிழமை லீவில் அங்கே ஒரு நெற் கபேயில் ஒரு மணித்தியாலம் பிடித்து வைத்திருந்தார். என்னை அம்மா விடியவே வாவிக்கு அப்பால் படுவான்கரைக்குத் தயிர்ச் சட்டி எடுக்க அனுப்பிவிட்டார்.

திரும்பி வரும்போது பாலத்தடிச் சென்றியில் எல்லாரையும் பஸ்ஸால் இறக்கினார்கள். இரண்டு கையிலும் தயிர்ச் சட்டியோடு வரிசையில் நிற்கிறேன். போன் அடித்தது. அக்கா.

“டேய், என்னடா செய்து வச்சிருக்காய்? வாத்தைக் காணல்ல! உன்ட பேர் கிடக்கு, பாஸ்வேர்ட் போட்டா விடுதில்ல!”

“என்ட பேரை அழிச்சிட்டு அத்தான்ட பேரை அடி அக்கா.”

சொன்ன பிறகுதான் எனக்கு உறைத்தது. கலியாணம் முடித்த நாளிலிருந்து அக்கா தன் புருசனின் பெயரைச் சொன்னதில்லை. ‘இவர்’, ‘தம்பிட அத்தான்’, இப்போது ‘பிள்ளைட அப்பா’. அம்மாவும் ‘மருமகன்’தான். வந்திருந்தவர்களும் பெண்கள்; இங்கிலீசில் தட்டத் தெரிந்த வேறு ஆளும் இல்லை.

“சொல்லத்தானே கூடா, அடிக்கலாம்தானே?” என்றேன்.

அம்மாவின் குரல் கேட்டது: “அடிச்சாலும் சொன்னதுதான்! அதுவும் இது வெளிநாட்டுக்கெல்லாம் போற பெட்டி!”

“மனுசன் அங்க காத்துக்கிட்டு இருக்காரும்மா!” அக்காவுக்கு அழுகை வந்துவிட்டது.

அம்மா யோசித்துத் தீர்ப்புச் சொன்னார். “அவன் எழுத்தெழுத்தாச் சொல்லட்டும், நீ தட்டு. எழுத்து வேற, பேர் வேற.”

நான் சட்டிகளை நிலத்தில் வைத்தேன். வரிசையில் நின்றபடி, ஒரு ஆம்பிளையின் பெயரை இங்கிலீசில் ஒவ்வொரு எழுத்தாகப் போனுக்குள் கத்த ஆரம்பித்தேன். அந்த வருசத்தில். அந்த இடத்தில். (மூளை இருக்கிறவன் செய்வானா? அதுதான் நான் செய்தேன்.)

மூன்றாவது எழுத்துக்கு முன்னால் ஒரு கை வந்து போனை வாங்கியது. ஆமிக்காரன்.

“யார் பேர்? ஏன் உடைச்சு உடைச்சுச் சொல்றது?”

“அக்காகே மஹத்தயா சேர். அக்காட புருசன். கொம்பியூட்டர் பேர் கேக்குது. அக்கா பேர் சொல்லமாட்டா.”

என் ஐசி அட்டையைப் பார்த்தான். தயிரைப் பார்த்தான். போனைக் காதில் வைத்தான். உள்ளேயிருந்து அக்கா, “சொல்லுடா நாயே, நேரம் போகுது!” என்று கத்தியது எனக்கே கேட்டது.

அவன் முகம் மாறியது. “எங்கட வீட்ல நோனாவும் அப்படித்தான். மஹத்தயா, மஹத்தயா. எண்ட பேர் சொல்றதே இல்ல” என்றான். பிறகு என்னிடம் பெயரைக் கேட்டு, போனுக்குள் ஒவ்வொரு எழுத்தாக, படு கவனமாகச் சொன்னான். அக்கா தட்டினாள். கதவு திறந்தது. எங்கள் வீட்டுச் சென்றியைத் தாண்ட, பாலத்தடிச் சென்றி உதவி செய்தது.

ஆனாலும் என்னை விடவில்லை. ஆமிப் பெரியவர் வந்து விசாரிக்கட்டும் என்று அக்காவுக்கும் போனிலேயே சொல்லிவிட்டு, ஓரமாக இருத்திவிட்டான். (இங்கேதான் காற்று வந்தது.)

வீட்டில் அத்தானின் முகம் வந்திருக்கிறது. பிள்ளையைக் கண்டு வாயில் கைவைத்து அப்படியே இருந்தாராம். பிறகு, “தம்பி எங்க?” என்றாராம். அம்மா உண்மையைச் சொல்லிவிட்டார்: “அவன சென்றியில பிடிச்சு வச்சிருக்காங்க மருமகன்.”

முடிந்தது. ‘யார் பிடிச்சது? எப்ப? யாருக்கு அறிவிச்சீங்க?’ மிச்ச நேரம் முழுக்க மனுசன் என்னைப் பற்றியே கேட்டிருக்கிறார். பிள்ளையைக் கமராவுக்கு முன்னால் பிடித்துப் பிடித்து அக்காவுக்குக் கை கடுத்துவிட்டது. பிள்ளையின் பெயரை அவர் காதில் போட முன்னமே நேரம் முடிந்து திரை கறுத்துவிட்டது.

பெரியவர் வந்து சிரித்து என்னை அனுப்பினார். ஒரு தயிர்ச் சட்டி அங்கேயே நின்றுவிட்டது. நான் கேட்கவில்லை.

அந்தப் பிள்ளை இப்போது என்னைவிட உயரம். யாராவது ‘உனக்கு எப்ப பேர் வச்சது?’ என்றால், “மாமா பிடிபட்ட அண்டைக்கு” என்கிறாள். அத்தானும் லீவில் வந்தால் முதலில் என் தோளைத் தொட்டு, “விட்டுட்டாங்களா?” என்றுதான் கேட்பார்.

பிடிபட்ட அன்று பின்னேரமே றிபாஸின் கடைக்கு ஓடினேன். அவன் வாத்தையும் பந்தையும் திரும்பக் கொண்டுவரும் வழியைச் சொல்லித் தந்தான். எழும்பும்போது, வெட்கமில்லாமல், இன்னொன்றும் கேட்டேன்: “மச்சான், அந்தத் திரையில என்ட பேர் மட்டும் வராமப் பண்ண ஏதும் வழி இருக்கா?”

றிபாஸ் தலையைத் தூக்கவே இல்லை.

“கலியாணத்த முடிடா, மறுகா உன்ட பேர் ஒரு இடத்திலயும் வராது.”