பெரியப்பா தோளில் ஒரு கை

மன்னிப்புக் கேட்பதில் எனக்குக் கூச்சமே கிடையாது. பஸ்ஸில் என் காலை மிதித்தவர்களிடமே நான் மன்னிப்புக் கேட்டிருக்கிறேன். ஆனால் பெரியப்பாவின் அறுபதாம் கல்யாணத்தில் நான் செய்த காரியத்துக்கு மட்டும் இன்றுவரை கேட்கவில்லை. கேட்கவும் மாட்டேன்.

தொண்ணூறுகளின் கடைசி. எனக்கு இருபத்திரண்டு வயது. தேனாம்பேட்டையில் ஒரு டிடிபி சென்டரில் கல்யாணப் பத்திரிகையும் விசிட்டிங் கார்டும் அடித்துக்கொண்டிருந்தேன். கூடவே தி.நகரில், போட்டோக்களைத் திருத்தும் சாஃப்ட்வேருக்கு மூன்று மாத வகுப்பு. (இரண்டாவது மாதம் முழுக்க அம்மை போட்டுப் படுத்திருந்தேன். அதை வீட்டில் எல்லோரும் மறந்துவிட்டார்கள். நானும்தான்.) குடும்பத்தில் கம்ப்யூட்டர் தெரிந்த ஒரே ஆள் என்ற கர்வத்தில், "ஆளையே மாத்திக் காட்டுவேன்" என்று போகிற இடமெல்லாம் பீற்றிக்கொண்டிருந்தேன்.

ஒரு நாள் மயிலாப்பூரிலிருந்து பெரியப்பா ஒரு குடும்பப் போட்டோவோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். அதைப் பெரிதாக்கி மண்டப வாசலில் வைக்க வேண்டுமாம். நாற்காலிகளில் பெரியப்பாவும் பெரியம்மாவும். பின்னால் அவர்கள் மகள் வசந்தா அக்கா சிரித்துக்கொண்டு நிற்கிறாள்.

"இவளை எடுத்துடு" என்றார்.

வசந்தா அக்கா தன்னோடு வேலை பார்த்த வேறு ஜாதிக்காரரைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டு அடையாறில் குடியேறி இரண்டு வருடம் ஆகியிருந்தது. பெரியப்பா அவள் பெயரைக்கூடச் சொல்வதில்லை. எனக்கு சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்தவள் அவள்தான். 'மாட்டேன்' என்று சொல்லியிருக்க வேண்டும். நான் சொன்னது: "அரை மணி வேலை, பெரியப்பா."

மூன்று நாள் ஆயிற்று.

முதலில் மந்திரக்கோலை எடுத்தேன். ஒரு நிறத்தில் கிளிக் செய்தால், ஒட்டியிருக்கிற அதே நிறத்தையெல்லாம் சேர்த்துப் பிடிக்கும் கருவி அது. அக்காவின் சந்தன நிறப் புடவையில் கிளிக் செய்தேன். அது புடவையோடு பெரியப்பாவின் சட்டை, வேட்டியையும் பிடித்துக்கொண்டது. கவனிக்காமல் டெலீட்டை அழுத்தினேன். நாற்காலிக்கு மேலே பெரியப்பாவின் தலை மட்டும் மிதந்தது. பதறிப்போய் அண்டூ கொடுத்து அவருக்கு உடம்பைத் திருப்பிக் கொடுத்தேன்.

பிறகு லாஸோ. மவுஸால் அக்காவைச் சுற்றிக் கோடு இழுத்து, அவளைத் தனி லேயராகப் பிரித்தேன். (கண்ணாடித் தாள்களை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்குவது மாதிரிதான் லேயர். வேண்டாததை மட்டும் மறைத்து வைக்கலாம்.) மறைத்தேன். அவள் நின்ற இடத்தில் பக்கத்துச் சுவரை நகலெடுத்து ஒட்டினேன். சுவரோடு சுவிட்ச் போர்டும் சேர்ந்து வந்து, ஒன்று இரண்டாயிற்று. ஓரங்களை எரேசரால் தேய்த்ததில் பெரியப்பாவின் ஒரு காது பாதி போயிற்று. எல்லாவற்றையும் திரையில் பெரிதாக்கித் துண்டு துண்டாகவே பார்த்தேன். முழுப் படத்தையும் ஒரு தடவை பார்க்க வேண்டும் என்று இந்த மேதைக்குத் தோன்றவில்லை.

விசேஷத்தன்று காலை, படம் ஃப்ரேம் போட்டு நேராக மண்டபத்துக்கு வந்தது. பூ அலங்காரம் செய்ய வந்த ஏழுமலை அதை வாசலில் மாட்டிவிட்டு நாலடி பின்னால் போய்ப் பார்த்து, பக்கத்தில் நின்ற பெரியப்பாவிடம் கேட்டார்:

"இன்னா சார், உங்க தோள் மேல ஒரு கை கீது. ஆளைக் காணோமே?"

பார்த்தேன். பெரியப்பாவின் தோளில், மோதிரம் போட்ட ஒரு கை, மணிக்கட்டோடு துண்டாகி, சாவகாசமாக உட்கார்ந்திருந்தது.

விருந்தினர்கள் வர ஆரம்பித்தார்கள்.

"யார் கை இது?"

"வசந்தா கைதான், மோதிரத்தைப் பார்த்தாலே தெரியறதே! ஆமா, அவ எங்கே, காணோம்?"

எந்தப் பேச்சு வரக்கூடாது என்று பெரியப்பா நினைத்தாரோ, அன்று வாசலில் அதைத் தவிர வேறு பேச்சே இல்லை. என்னை ஸ்டோர் ரூமுக்கு இழுத்துக்கொண்டு போனார்.

"மானத்தை வாங்கிட்டயேடி! இப்பவே போய் அந்தக் கையையும் அழிச்சுண்டு வா!"

அந்தக் கையை வேண்டுமென்றே விட்டுவைத்தேன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு ஆசைதான். பொய். வெறும் கவனக்குறைவு. ஆனால் அடுத்து நான் சொன்னது கவனக்குறைவு இல்லை.

"மாட்டேன் பெரியப்பா. அக்காவை நான் அழிக்கலை, மறைச்சுதான் வெச்சிருக்கேன். வேணும்னா அவளை முழுசாக் கொண்டுவரேன். கையை அழிக்க மாட்டேன்."

பின்னாலேயே வந்த அப்பா, "பெரியவா கிட்ட என்னடி பேச்சு இது?" என்று அதட்டினார். அதற்குள் கல்யாணக் கோலத்தில் பெரியம்மா வந்து நின்றாள்.

"கையானாலும் என் பொண்ணு கை. இருக்கட்டும்" என்றாள். சொல்லிவிட்டு, மாலையும் கழுத்துமாக எதிரே இருந்த டெலிபோன் பூத்துக்கு நடந்தாள்.

மதியப் பந்திக்கு வசந்தா அக்கா கணவரோடு வந்தாள். பெரியப்பா அவர்களிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் பரிமாறுகிறவரைக் கூப்பிட்டு, மருமகன் இலையைக் காட்டி, "அங்கே ரசம் வரலை பாரு" என்றார். முகம் பார்த்துப் பேச இன்னும் ஒரு வருடம் பிடித்தது.

அந்தப் படம் அதே கோலத்தில் இன்றும் பெரியப்பா வீட்டு ஹாலில் தொங்குகிறது. இப்போது எனக்கு இந்த வேலை நிஜமாகவே தெரியும். ஐந்து நிமிஷத்தில் சரிசெய்துவிடுவேன். தொட மாட்டேன். எங்கள் குடும்பத்தில் யாராவது போன் செய்து விசேஷத்துக்கு வர முடியாது என்று சொன்னால், பெரியம்மா கேட்கிற கேள்வி ஒன்றே ஒன்றுதான்:

"சரி, கையையாவது அனுப்பிவைப்பியோன்னோ?"